சின்னம்மா கேட்ட கேள்வி



இந்தப் பக்கத்தை மண்கும்பானில், எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். இதழ் அச்சுக்குப் போகும் வாரத்தில் நான் யாழ்ப்பாணத்தை விட்டு அசைவதில்லை. ஆனால் இந்த முறை சின்னம்மாவுக்குக் கண்புரை வெட்டியிருக்கிறது. நாளுக்கு நான்கு தரம் துளிமருந்து விட வேண்டும். அவருக்குக் கை நடுங்கும். திருத்த வேண்டிய பக்கங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து, அல்லைப்பிட்டியும் தாண்டி வந்து இறங்கிவிட்டேன்.

உங்கள் கடிதங்களும் பையில் வந்தன. சென்ற இதழின் அட்டையில் நடிகை ராதிகாவின் படத்தைப் போட்டிருந்தோம். அவருடைய தாயார் கீதா 2025 செப்டம்பரில் சென்னையில் காலமானார். இலங்கையைச் சேர்ந்த அந்தப் பெண்மணியையும் மகளையும் சேர்த்து நான்கு பக்கக் கட்டுரை ஒன்று உள்ளே இருந்தது. அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. எழுதியவர் இந்த இதழை ஆண்டுக்கணக்காக வாசிப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். சீரியலில் அழுகிற ஒரு நடிகைக்கு அட்டையைக் கொடுக்கும் அளவுக்கு எங்களிடம் ஆளில்லாமல் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறார். கோபத்தில் எழுதியதாகத் தெரியவில்லை. மனவருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அதனால் அவருக்கு இங்கேயே, உங்கள் எல்லோர் முன்னாலும், பதில் சொல்கிறேன்.

பதிலை 2002இல் தொடங்க வேண்டும்.

அந்த வருடம் பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. 1990இல் ஊரை விட்டு ஓடிய நாங்கள் பன்னிரண்டு வருடங்களின் பின் மண்கும்பானுக்குத் திரும்பினோம். அப்பா, சின்னம்மா, நான், தம்பி. வீட்டுக்குக் கூரை இல்லை. வளவுக்குள் பற்றை. கிணறு மட்டும் அப்படியே இருந்தது. எங்கள் ஊர்த் தண்ணீரைத் தீவுப்பகுதியில் தெரியாதவர் இல்லை. சுற்றிவரக் கடல், ஆனால் மணலைத் தோண்டினால் தித்திப்பு. அந்த மணலை லொறி லொறியாக அள்ளிக்கொண்டு போனவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

அம்மா எங்களோடு திரும்பவில்லை. 1991இல், இடம்பெயர்ந்திருந்த வீட்டில், காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு ஏழு வயது, தம்பிக்கு மூன்று. இரண்டு வருடம் கழித்து அம்மாவின் தங்கையை அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். "பிள்ளையளுக்காக" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதைச் சின்னம்மாவிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. அதற்கு முன்பும் அவர் எங்களுக்குச் சின்னம்மாதான், அதற்குப் பின்பும் சின்னம்மாதான். ஆனால் ஊராரின் வாயில் அவர் "சிறியதாய்" ஆகிவிட்டார். அந்தச் சொல்லை அவர்கள் சொல்லும்போது குரல் ஒரு படி கீழே இறங்கும். நான் மெலிந்திருந்தால் சிறியதாய். தம்பி விழுந்து முழங்கால் உரசினால் சிறியதாய். கிணற்றடியில் அந்தக் கதை நடக்கும்போது சின்னம்மா வாளியை நிரப்பிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவார்.

2002இல் ஊர் திரும்பிய சனத்துக்கு இரவு ஏழு மணிக்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் வரவில்லை. ஒரு வீட்டில் சின்ன ஜெனரேற்றர் ஒன்று இருந்தது, பகலில் தோட்டத்துக்கு நீர் இறைக்கப் பாவித்தது. இன்னொரு வீட்டில் ரிவி. டெக் யாழ்ப்பாணத்திலிருந்து வாடகைக்கு வந்தது. அதோடு ஒரு பை நிறைய வீடியோக் கொப்பிகள். கேபிளில் ஓடியதை அப்படியே பதிந்த கொப்பிகள். இடையிடையே இங்கே கிடைக்காத சவர்க்காரத்துக்கும் எண்ணெய்க்கும் விளம்பரம் வரும். அதையும் தள்ளாமல் பார்ப்போம். தொடரின் பெயர் "சித்தி".

சென்னையில் அந்தத் தொடர் 1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பரில் முடிந்துவிட்டது. 450க்கும் மேற்பட்ட பகுதிகள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்த எங்கள் உறவுகள் முடிவு வரை பார்த்துவிட்டு, தொலைபேசியில் கதையைச் சொல்ல வாயெடுப்பார்கள். நாங்கள் காதைப் பொத்துவோம். உலகத் தமிழர் எல்லோரும் பார்த்து முடித்த பின் நாங்கள் தொடங்கினோம்.

மண்ணெண்ணெய்க்கு வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்தோம். ஜெனரேற்றரைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு இழுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தில் ஒருமுறை திக்கும். திக்கும்போது முற்றத்தில் இருக்கும் முப்பது பேரும் மூச்சுப் பிடிப்போம். எண்ணெய் முடியப்போகிறது என்பதை ரிவிதான் முதலில் சொல்லும். படம் இரண்டு பக்கமும் ஒடுங்கத் தொடங்கும். முதலில் ஓரத்தில் நின்ற ஆட்கள் கறுப்புக்குள் போவார்கள், பிறகு சுவரில் மாட்டிய படம், பிறகு கதவு. நடுவில் ராதிகாவின் முகம் மட்டும் மெலிந்து நீண்டு நிற்கும். பிறகு அதுவும் ஒரு புள்ளியாகி அணையும். எத்தனையோ இரவு அப்படி அழுகையின் நடுவில், பேச்சின் நடுவில் அவரை இழந்திருக்கிறோம். இருட்டில் மணலைத் தட்டிவிட்டு எழும்பி, நாளைக்கு என்ன நடக்கும் என்று கதைத்துக்கொண்டு வீடுகளுக்குப் போவோம்.

கதை உங்களுக்குத் தெரியும். மனைவியை இழந்த ஒருவர், சிவகுமார். அவருக்கு ஒரு பெண் குழந்தை. அந்த வீட்டுக்கு இரண்டாம் மனைவியாக வருகிறார் சாரதா. அவராக நடித்தவர் ராதிகா. அந்த முற்றத்தில் அன்று இருந்த முப்பது பேரில் குறைந்தது பத்துப் பேர் பெற்ற தாயிடம் வளராதவர்கள். அம்மம்மாவிடம் வளர்ந்தவர்கள், மாமியிடம், பெரியம்மாவிடம் வளர்ந்தவர்கள். அவர்களை வளர்த்தவர்களும் அங்கேயே, பாயின் ஓரத்தில் இருந்தார்கள். எந்தக் கதையை எந்த முற்றத்தில் போட்டோம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பதினெட்டு வயது. அடுத்து என்ன என்பதில்தான் கவனம்.

சின்னம்மா பார்க்க வரமாட்டார். அடுப்பில் வேலை இருக்கிறது என்பார். ஐந்தாம் ஆறாம் நாளில் வேலியோரம் வந்து நின்றார். பிறகு கதிரையில் இருந்தார். ஒரு சொல்லும் சொல்லமாட்டார். மற்றப் பெண்கள் கெட்டவளைத் திட்டி மண்ணள்ளிப் போடும்போதும் சின்னம்மாவின் வாய் அசையாது. ஓர் இரவு எண்ணெய் முடிந்து படம் அணைந்தது. இருட்டில் நடந்து வரும்போது என்னிடம் கேட்டார்: "உந்தப் பிள்ளை கடைசியில அவவை அம்மா எண்டு கூப்பிடுமோ?"

"தெரியாது சின்னம்மா, இன்னும் கன கொப்பி இருக்கு" என்றேன்.

அந்த ஆசிரியருக்கு என் பதிலின் முதற்பாதி இதுதான். ஆனால் இது என் வீட்டுக் கதை. என் வீட்டுக் கதைக்காக ஒருவருக்கு அட்டைப்படம் கொடுக்க முடியாது. மறுபாதி, அந்த நடிகையின் உழைப்பு.

அவருடைய தொடக்கத்தைப் பாருங்கள். தந்தை எம். ஆர். ராதா. மேடையில் "இரத்தக்கண்ணீர்" ஆடிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். 1967 ஜனவரி 12ஆம் திகதி எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறை சென்றவர். ராதிகா அப்போது சின்னக் குழந்தை. தமிழ்நாடு முழுவதும் எம்.ஜி.ஆருக்காகக் கண்ணீர் விட்ட காலத்தில் அந்தப் பெயரோடு ஒரு தாய் பிள்ளைகளை வளர்த்தெடுத்தார் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். பெண் இந்தியாவிலும் இலங்கையிலும் இங்கிலாந்திலும் படித்தார். 1978 ஓகஸ்டில் பாரதிராஜாவின் "கிழக்கே போகும் ரயில்" வந்தது. கதாநாயகி பாஞ்சாலி, பதின்ம வயது ராதிகா. அடுத்த வருடம் செப்டம்பர் 17இல் தந்தை இறந்தார்.

அதன் பின் சினிமாவில் இருபது வருடம். எல்லாப் படத்தையும் இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று "மீண்டும் ஒரு காதல் கதை". பிரதாப் போத்தன் இயக்கிய முதல் படம். புதிய இயக்குநரின் முதற்படத்துக்கான தேசிய விருது பெற்றது. அதன் தயாரிப்பாளர் ராதிகா. இருபதுகளின் தொடக்கத்திலேயே, நடித்துவிட்டுப் போவதோடு நிற்காமல், பணத்தைப் போட்டுப் படத்தை முடித்துக் கையில் எடுக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறார். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை அங்கே கிடக்கிறது.

மற்றது 1990இல் வந்த "கேளடி கண்மணி". வஸந்த் இயக்கியது. எஸ். பி. பாலசுப்பிரமணியம் மனைவியை இழந்தவர், அவருக்கு ஒரு மகள். அவரை விரும்பும் ஆசிரியை ராதிகா. குழந்தைக்கு அது பிடிக்கவில்லை, அதனால் கல்யாணம் நின்றுபோகிறது. அந்த ஆசிரியையின் பெயர் சாரதா. ஒன்பது வருடம் கழித்து "சித்தி"யில் அவர் ஏற்ற பெண்ணின் பெயரும் சாரதா. வேண்டுமென்று வைத்தார்களா, தற்செயலா, எதுவாக இருந்தாலும் எனக்கு இருவரையும் ஒரே பெண்ணாகத்தான் பார்க்கத் தோன்றுகிறது. 1990இல் ஒரு சிறுமியின் மறுப்புக்காக வாசலோடு திரும்பிப்போன சாரதா, 1999இல் வேறொரு வாசலுக்கு வந்து, உள்ளே போய், அடுப்பை மூட்டினார். சினிமாவுக்கு இரண்டரை மணி நேரம்தான் உண்டு, விலகிப்போகிற பெண்ணின் சோகத்தை அதற்குள் காட்டிவிடலாம். உள்ளே வந்து தங்குகிற பெண்ணைக் காட்ட அந்த நேரம் போதாது. அவளுக்கு ஒவ்வொரு நாளும் வேண்டும். காலையில் தலை பின்னிவிட்டு, மத்தியானம் சந்தேகத்தை விழுங்கி, இரவு காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்து, மறுநாள் திரும்பத் தொடங்க வேண்டும். தொலைக்காட்சித் தொடர் என்ற வடிவத்தால் மட்டும் செய்யக்கூடியது அது. நானூறு இரவு வந்தால்தான் ஒரு சிறியதாயை நம்பலாம்.

"சித்தி"யில் அவர் சம்பளத்துக்கு நடித்துவிட்டுப் போகவில்லை. தயாரித்தது அவருடைய ராடான் நிறுவனம். சன் தொலைக்காட்சியில் அந்தக் காலத்து முறைப்படி, அரை மணி நேரத்தைத் தயாரிப்பாளர் கட்டணம் கட்டி எடுக்க வேண்டும். அதற்குள் வரும் விளம்பர நிமிடங்களைத் தானே விற்றுப் போட்ட காசை எடுக்க வேண்டும். விளம்பரம் விற்காவிட்டால் நட்டம் அவர் தலையில். அரை மணியில் கதைக்குக் கிடைப்பது இருபது இருபத்திரண்டு நிமிடம். அதை வாரம் ஐந்து நாள், மழை பெய்தாலும், நடிகருக்குக் காய்ச்சல் வந்தாலும், நிரப்பிக் கொடுக்க வேண்டும். நடிகையாக அழுது, தயாரிப்பாளராகக் கணக்கும் பார்க்க வேண்டிய வாழ்க்கை. சினிமாவில் கதாநாயகியின் காலம் முடிந்தால் அக்கா, பிறகு அம்மா, பிறகு வீடு என்று இருந்த பாதையில், தன் வயதுக்கேற்ற கதாநாயகியைத் தானே உண்டாக்கி, அவளை விலைகூடிய இரவு நேரத்தில் நிறுத்திய பெண் இவர். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

"சித்தி" தெலுங்கில் "பின்னி" ஆகப் போனது. அதன் பின் "அண்ணாமலை", "செல்வி", "அரசி", "செல்லமே". 2013 முதல் 2018 வரை "வாணி ராணி", 1700க்கும் மேற்பட்ட பகுதிகள், இரட்டை வேடம். ஒருத்தி வழக்கறிஞர், மற்றவள் குடும்பத்தலைவி. இருவரும் ஒரே அறையில் பேச வேண்டுமென்றால் அந்தக் காட்சியை இரண்டு தரம் எடுக்க வேண்டும். முதலில் வாணியாக நின்று வெறுமையைப் பார்த்துப் பேச வேண்டும், பிறகு சேலை மாற்றி, கொண்டை மாற்றி, ராணியாக வந்து அதே வெறுமைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஐந்தாறு வருடம்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் "கோடீஸ்வரி" தொடங்கியது. போட்டியாளர் எல்லோரும் பெண்கள், நடத்தியவர் ராதிகா. அதில் கேட்கவும் பேசவும் முடியாத ஒரு பெண் வந்து பதினைந்து கேள்விக்கும் பதில் சொல்லி ஒரு கோடி ரூபா வென்றார். எதிரே இருந்த ராதிகாவின் முகத்தைப் பாருங்கள். நாற்பது வருடம் கமராவுக்கு முகம் காட்டியவர், அன்று கமராவை மறந்திருந்தார்.

ஆசிரியர் ஐயாவின் குறை ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். சீரியல்கள் நமக்கு நல்லது மட்டும் செய்யவில்லை. ஒரே அறைக்குள் மூன்று நாள் நிற்கும் கதை, பெண்ணுக்குப் பெண்ணையே எதிரியாக்கும் சூழ்ச்சி, விஷம் கலந்த பால். நானே வீட்டில் எழும்பிப் போய் அணைத்திருக்கிறேன். பின்னால் வந்தவர்கள் அவர் கட்டிய வீட்டில் அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முதலில் கட்டியவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்று காற்று மறுபக்கமும் அடிக்கிறது. கொழும்பில் சக்தி தொலைக்காட்சியில் செய்தி வாசித்த லொஸ்லியா 2019இல் சென்னைப் பிக்பாஸ் வீட்டுக்குப் போனார். 2022இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஜனனி போனார், அடுத்த வருடம் "லியோ" படத்தில் நடித்தார். எங்கட பேச்சு தமிழ்நாட்டு வீடுகளின் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் போய் இருந்தது. இதழுக்கு எழுதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் சிலர் நடிகை ஆக வேண்டும் என்று இப்போது கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள். அவர்களுக்கு நான் அனுப்புவது ராதிகாவின் கணக்குத்தான். எத்தனை நாள், எத்தனை மணிநேரம், யார் காசு, யார் பொறுப்பு.

இனி, நேற்று இரவு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சின்னம்மாவின் ஒரு கண்ணில் மூடி. மற்றக் கண்ணையும் களைக்க விடாதேங்கோ என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ரிவி கிடையாது. பொழுது போகாமல் தவித்தார். கைத்தொலைபேசியில் "சித்தி"யின் பழைய பகுதிகள் கிடக்கின்றன, தேடி எடுத்து அவரின் தலைமாட்டில் வைத்தேன். பார்க்காமல் கேட்டார். ராதிகாவின் அந்தக் கொஞ்சம் கரகரத்த குரல் வந்ததும், "ஓ, இவதான்" என்றார். இடையில் ஒருமுறை, "தாய் செத்துப்போனாவாம் எண்டு எழுதினியே, எங்கட நாட்டு ஆள்" என்றார். பிறகு பேச்சில்லை. நான் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வெளியே பனை ஓலை உரசும் சத்தம். ஜெனரேற்றர் சத்தம் இல்லாமல் இந்தத் தொடரைக் கேட்பது இதுதான் எனக்கு முதல் தடவை.

குழந்தையின் குரல் வந்தது. எனக்கு இருபத்துமூன்று வருடத்துக்கு முந்திய அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. பேனையை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"சின்னம்மா, நானும் தம்பியும் உங்களை அம்மா எண்டு கூப்பிடேல்லை எண்டு உங்களுக்கு மனவருத்தமே?"

கண்ணைத் திறக்கவில்லை. யோசித்துத்தான் சொன்னார்.

"அப்ப இருந்தது. இப்ப இல்லை. நீ சின்னம்மா எண்டு கூப்பிடேக்க அக்காவும் கூட நிக்கிற மாதிரி இருக்கும். அம்மா எண்டு கூப்பிட்டிருந்தா அவ எங்க போறது?"

பிறகு கையை நீட்டித் தொலைபேசியைத் தடவினார். அந்தப் பகுதி முடிந்திருந்தது.

"மற்றதைப் போடு. மருந்துக்கு இன்னும் நேரம் கிடக்கு."

போட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்
மண்கும்பான்